இடது ஓரத்துக் காவல்காரன்

உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தடுத்து இரண்டு, "டிக், டிக்". மறுபடியும் ஒன்றுமில்லை. மதுரையில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், சாத்திய கதவுக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில், மகளின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்தபடி மாயூரநாதன் உட்கார்ந்திருந்தான். மணி பத்தரை. கூட ஒரு ஆள்தான் போகலாம் என்று சொன்னதால் மனைவி வடிவு உள்ளே போயிருந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த சிஸ்டர், மகள் பிரகதியிடம் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்தது. "தாடையை இதுல வச்சுக்கோம்மா. நடுவுல மஞ்சளா ஒரு வெளிச்சம் தெரியுதா, அதையே பாரு. சுத்தி எங்கயாச்சும் புள்ளி மாதிரி மின்னுச்சுன்னா கையில இருக்கிற பட்டனை அமுக்கு. தேடக் கூடாது, கண்ணை அசைக்கக் கூடாது. தெரிஞ்சா அமுக்கு, தெரியலைன்னா சும்மா இரு." பதினாலு வயசுக்கே உரிய அலட்சியத்தோடு பிரகதி, "கேம் மாதிரியாக்கா?" என்று கேட்டாள். "ஆமா, கேம் மாதிரிதான்." அதோடு கதவு சாத்திக்கொண்டது. அவள் பட்டனை அமுக்கும்போது வருகிற சத்தம்தான் அந்த "டிக்" என்று புரிய அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அப்படியானால் சத்தம் வராத நேரம்? புள்ளி மின்னாமல் இருக்கிறதா, மின்னியும் இவள் பார்க்காமல் இருக்கிறாளா? மெஷின் சும்மா இருக்குமா என்ன. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினான். ஏழு வரை போயிற்று. "டிக்." எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த, கண்ணை நெடுக்காக வெட்டிக் காட்டும் படத்தைப் பார்த்தான். ஆரஞ்சுப் பழத்தைப் பாதியாக அறுத்த மாதிரி இருந்தது. உள்ளே சிவப்புச் சிவப்பாக நரம்புகள். எண்ணுவது நிற்கவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று. "டிக்."

இப்படி எண்ணிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பது அவனுக்குப் புதிதில்லை. தரையிலிருந்து ஈட்டிகள் குபீரென்று கிளம்பும். நாலு எண்ணுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். அந்த நாலுக்குள் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற குட்டி மனிதனை அந்தப் பக்கம் ஓட்டிவிட வேண்டும். ஐந்து எண்ணினால் செத்தான். ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லின் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஊரெல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அந்த அறை மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். வாசல் இடுக்கில் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்பா எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு, ஆனால் ஜெனரேட்டரைப் பார்க்க அவர் போகத்தான் வேண்டும். அண்ணனையும் அவனையும் கூட்டிப்போய் அந்த அறையில் விட்டுவிட்டு, "ரெண்டு மணி நேரம்தான். எதையும் பிடுங்கி வைக்காதீங்க" என்பார். அப்போது மாயூரநாதன் ஏழாம் வகுப்பு. அண்ணன் நச்சாடலிங்கம் பத்தாம் வகுப்பு. சர்வீசுக்கு வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் விட்டுவிட்டுப் போன ஃப்ளாப்பி ஒன்றில் அந்த விளையாட்டு இருந்தது. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பேர். அவர்கள் இரண்டு பேரும் "கோட்டை" என்றே சொன்னார்கள். ஒரு கைதி, கோட்டைக்கு அடியில் கிடக்கிறான். ஒன்பது மாடி ஏறினால் வெளிவாசல். மூன்று உயிர். நடுவில் நிறுத்திவைத்துவிட்டு அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குகிற வசதியெல்லாம் கிடையாது. மூன்று உயிரும் போனால் மறுபடி கீழே, முதல் மாடி, அதே ஈரக் கல், அதே இருட்டு. கலர் கிடையாது, கறுப்பில் குங்குமப்பூவைக் கரைத்த மாதிரி ஒரு மஞ்சள் மட்டும்தான். மூன்று அடி ஓடித் தாவினால் அகழியைத் தாண்டுவான். இரண்டு அடி ஓடித் தாவினால் உள்ளே விழுவான். விழும்போது "ட்டுப்" என்று ஒரு சத்தம். பாட்டோ அலறலோ கிடையாது. ஓட்டில் பல்லி விழுந்த மாதிரி ஒரு சின்ன "ட்டுப்", அவ்வளவுதான். அந்தச் சத்தம் முப்பது வருஷம் கழித்தும் அவன் காதில் இருக்கிறது. "டிக்." இப்போது சீக்கிரமாக வந்தது. மூன்றுக்குள். நல்லது. நல்லதுதானே?

அண்ணன்தான் அதில் மூளை. எந்தக் கல் மிதித்தால் உதிரும், எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வழி, எந்தக் கதவு எத்தனை எண்ணுவதற்குள் மூடும், எல்லாவற்றையும் கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு வீடு கட்டப்போகிறாயா என்று கேட்டாராம். லிங்கண்ணன் தாவினால் ஒரு மயிரிழை பிசகாது. கீபோர்டில் அவன் விரல் விழுவதைப் பார்ப்பதே ஒரு அழகு. ஆனால் ஐந்தாவது மாடியில் செத்துப்போவான். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது மாடி, அதே நீளத் தாழ்வாரம். வலது கோடியில் பூட்டிய கதவு. அதைத் திறக்கப் போகும்போது பின்னால், திரையின் இடது ஓரத்தில், சத்தம் காட்டாமல் ஒரு காவல்காரன் வந்து நிற்பான். அவனைப் பார்த்துத் திரும்பிக் கத்தியை உருவ வேண்டும். அண்ணன் திரும்ப மாட்டான். "ட்டுப்." உடனே, "எங்கருந்துடா வர்றான் இவன்?" என்று கேட்பான். "இடது பக்கத்துலருந்துதாண்ணே. நீ பாக்கலையா?" "இல்லியே. எப்ப வந்தான்?" "அப்பவே வந்துட்டானே, நடந்துல்ல வந்தான்." அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீபோர்டை நகர்த்திக் கொடுத்துவிடுவான். செத்தால் கீபோர்டு அடுத்தவனுக்கு, அதுதான் அவர்களுக்குள் சட்டம். அண்ணனின் நோட்டை வைத்துக்கொண்டு, அண்ணன் கண்டுபிடித்த வழியிலேயே ஏறி, ஐந்தாவது மாடியில் காவல்காரனை வெட்டிச் சாய்த்துவிட்டு மாயூரநாதன் ஆறாவது, ஏழாவது என்று போனான். இரண்டு மணி நேரத்தில் அண்ணனுக்கு இருபது நிமிஷம், மிச்சமெல்லாம் இவனுக்கு. முதலில், தம்பிக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறானோ என்றுகூட நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒரு தேன்மிட்டாயை எடுத்து அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் நீட்டினான். சும்மாதான். அண்ணன் பார்க்கவில்லை. கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தான். கன்னம். இன்னும் முன்னால். கண்ணின் ஓரம். பார்க்கவில்லை. கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டு, "என்னடா?" என்றான். "ஒண்ணுமில்லண்ணே." மிட்டாயைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான். அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பேர் தெரியாது, நோய் என்று தெரியாது. ஆனால் அண்ணன் கண்ணுக்கு ஓரம் கிடையாது என்று தெரிந்தது. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில், பாயைத் தூக்கினால் ஓடும் பூரான் மாதிரி, ஒரு சந்தோஷமும் இருந்தது. இனி கீபோர்டு தன் கையில்தான். அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எவ்வளவு சின்னக் காரணம். பன்னிரண்டு வயசில் அதுதான் இருக்கிறதிலேயே பெரிய காரணமாக இருந்தது.

கதவு திறந்தது. அவன் பாதி எழுந்துவிட்டான். சிஸ்டர் தலையை மட்டும் நீட்டி, "ஒரு கண்ணு முடிஞ்சிருச்சு சார், இன்னொரு கண்ணு இருக்கு. உக்காருங்க" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பழக்கம். உட்கார்ந்தான். கதவு மறுபடி சாத்தியது. புதிதாக எண்ண வேண்டும், முதல் மாடியிலிருந்து. பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர், கண்ணில் பச்சைத் துணி கட்டி, பேரனிடமோ மகனிடமோ ஃபோனில், "எல்லாம் தெரியுது, எல்லாம் தெரியுது, கலரு கலரா தெரியுது" என்று கத்திக்கொண்டிருந்தார். வெட்டி எடுத்து லென்ஸ் வைத்தால் கலர் கலராகத் தெரிந்துவிடும் நோய்களும் இருக்கின்றன. "டிக்." லிங்கண்ணனுக்கு அப்போது இருபது வயசு. பாலிடெக்னிக் முடித்து மில்லிலேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தான். சாயங்காலம் சேத்தூர் ரோட்டில் அப்பாவின் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தான். வெளிச்சம் இருந்தும் இல்லாத நேரம். ஷிப்ட் முடிந்து டிபன் கேரியரோடு ரோட்டின் இடது ஓரமாக நடந்து போன மாரித்தாய் என்கிற பெண்ணின் மேல் வண்டி ஏறிவிட்டது. அந்த அம்மாவுக்கு முப்பத்தி நாலு வயசு, மூன்று பிள்ளைகள். அங்கேயே உயிர் போய்விட்டது. அண்ணன் ஒரு மைல்கல்லில் போய் விழுந்து நெற்றி பிளந்து கிடந்தான். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு மாயூரநாதனின் கையைப் பிடித்து அழுதான். "ரோட்டுல யாருமே இல்லடா. சத்தியமா யாருமே இல்ல. எங்கருந்துடா வந்தா?" பக்கத்தில் அம்மா நின்றாள், போலீஸ்காரர் ஒருத்தர் நின்றார். யாருக்கும் அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை. இவனுக்கு மட்டும் காலுக்கடியில் கல் உதிர்ந்தது. இடது பக்கத்துலருந்துதாண்ணே. நடந்துல்ல வந்தா. சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. ஆறு, ஏழு, எட்டு. "டிக்." இந்தக் கண்ணிலும் அதே இடைவெளிதான். இல்லை, கொஞ்சம் நீளமோ? மாரித்தாயின் முகத்தை அவன் பார்த்ததில்லை. பேப்பரில் போட்டோகூட வரவில்லை. அதனால் அவனுக்குள் அவள் முகமில்லாமல், குங்குமப்பூ நிறத்தில், கையில் ஒரு டிபன் கேரியரோடு ஓரத்திலிருந்து நடந்து வந்துகொண்டே இருக்கிறாள்.

ஒரு மாசம் கழித்து அண்ணனை மதுரைக்குக் கூட்டிவந்து காட்டியபோதுதான் டாக்டர் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. பிறவியிலேயே உள்ள கோளாறு. சொந்தத்தில் சொந்தம் கட்டினால் வருவது. அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனைத்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று அப்பா மாயூரநாதனிடம் மட்டும் சொன்னார். "கண்ணு தெரியாதவன்கிட்ட வண்டியக் குடுத்தோம்னு கேஸு திரும்பிரும். வெளிய மூச்சு விடாத. அடிபட்டதுல கண்ணு போச்சு, அவ்வளவுதான்." அப்படியே ஆகிவிட்டது. விபத்தினால் கண் போனது என்று ஊர் நம்பியது, சொந்தம் நம்பியது. சொல்லிச் சொல்லி அம்மாவே நம்பிவிட்டாள். பத்து வருஷத்தில் மெல்ல மெல்ல அது உண்மையாகவே முழு இருட்டாகியும் விட்டது. பிறகு இவனுக்கு வடிவைப் பேசினார்கள், அம்மாவின் அண்ணன் மகளை. நிச்சயத்துக்கு முந்தின நாள் வடிவின் அம்மா, அடுக்களையில் அவனுக்குக் காபியைக் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "மாப்ள, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக் கூடாது. லிங்கத்துக்கு இருக்கிறது வம்சத்துல வர்றதா?" அவள் கண்ணில் பயம் இருந்தது. அவளுக்கு வடிவு ஒரே பிள்ளை. "இல்லத்தே. அடிபட்டதுதான்." எவ்வளவு சுலபமாக வந்தது. காபி சூடாக இருந்தது, அதை ஊதிக்கொண்டே சொன்னான். வடிவின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அது பொய்யில்லை. ஆனால் ஆசைக்காகத்தான் சொன்னானா, சொல்லாமல் இருப்பது பழகிப்போய்விட்டதா? வாய்க்கும் ஒரு விழித்திரை உண்டு போலிருக்கிறது, அதுவும் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும். பதிமூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு. அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு. "டிக்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோட்டை மறுபடியும் வந்து சேர்ந்தது. விருதுநகரில் பாலிடெக்னிக்கில் அவன் வாத்தியார். லேப்பில் ஒரு மாணவன் பழைய விளையாட்டுகளையெல்லாம் இன்டர்நெட்டில் சும்மாவே ஆடலாம் சார் என்று காட்டினான். பெயர் ஞாபகமில்லாமல் ஒரு வாரம் தேடினான். ஈட்டி, கைதி, ஒன்பது மாடி என்று என்னென்னவோ அடித்துப் பார்த்தான். கிடைத்தது. அந்த முதல் மாடி திரையில் விரிந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். கலரில் இருந்தது. இத்தனை வருஷம் மஞ்சள் என்று நினைத்திருந்த கல்லெல்லாம் நீலம். ஆனால் "ட்டுப்" அதே "ட்டுப்". அந்தக் குளிர்ந்த அறை, பஞ்சு வாசனை, பக்கத்தில் அண்ணனின் தோள், எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. ஒன்பதாவது மாடியை அவர்கள் பார்த்ததே இல்லை. அப்போது இவன் எட்டு வரை போனான், அதற்குள் ஃப்ளாப்பி பூசணம் பிடித்துவிட்டது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் லேப்டாப்பைத் திறந்தான். பிரகதி வந்து ஒட்டிக்கொண்டாள், பன்னிரண்டு வயசு. "நான் ஆடுறேன்ப்பா, நான் ஆடுறேன்." கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டாள். அண்ணனின் விரல் அவளுக்கு. மயிரிழை பிசகவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, வடிவைக் கூப்பிட்டுக் காட்டினான். நீளத் தாழ்வாரம். வலது கோடிக் கதவு. இடது ஓரத்தில் காவல்காரன் வந்து நின்றான். பிரகதி திரும்பவில்லை. காவல்காரன் ஒரு எட்டு வைத்தான், இன்னொரு எட்டு வைத்தான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ட்டுப்." "அய்ய, எங்கருந்துப்பா வந்தான்?" வடிவு சிரித்தாள். மாயூரநாதன் லேப்டாப்பை மூடினான். "போதும், கண்ணு கெட்டுரும்" என்றான். அவன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. அதற்கப்புறம் அதைத் திறக்கவே இல்லை. ஆனால் பார்க்க ஆரம்பித்தான். சாப்பிடும்போது அவளுக்குப் பக்கவாட்டில் டம்ளரை நீட்டிப் பார்த்தான். சினிமா தியேட்டரில் இருட்டில் அவள் சீட்டைத் தடவுவதைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தான். கவனமில்லை, செல்போன் ஞாபகம், வளர்கிற வயசு. அவளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் எழுந்துபோய் அதன் வால்வ் ட்யூபைப் பிடுங்கிவிடுவான். அவள் கடைக்குத் தள்ளிப்போய்க் காற்றடித்து வருவாள், மறுநாள் மறுபடி பிடுங்குவான். கடைசியில் அது மாடிப்படிக்குக் கீழே துருவேறிக் கிடந்தது. "பஸ்ஸுலயே போறேன்" என்றாள். சொல்லியிருந்தால் ஒரே வாக்கியம். அதற்குப் பதில் நாற்பத்திரண்டு வயசு ஆள், மகளின் சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்து, திருடன் மாதிரி வால்வைத் திருகிக்கொண்டிருந்தான்.

இந்தப் பொங்கலுக்கு ராஜபாளையம் போயிருந்தபோது லிங்கண்ணன் உள் அறையில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தான். சத்திரப்பட்டியிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும், மடித்துக் கட்டிக் கொடுப்பான். அவன் கை இன்னும் அந்தக் கைதான், ஒரு மடிப்புக் கோணாது. பிரகதி அறைக்குள் வந்து பெரியப்பாவுக்குக் கரும்பு கொடுத்துவிட்டுப் போனாள். அவள் காலடி முற்றம் தாண்டிப் போகும்வரை அண்ணன் துணியை மடிக்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "மாயூரா, பிள்ளை நடக்கிற சத்தம் ஒரு மாதிரியா இருக்குடா. நெலப்படில கால வைக்க யோசிக்குது. தேடித் தேடி வைக்குது." இவன் ஒரு கரும்புத் துண்டைக் கையில் எடுத்தான். "கூட்டிட்டுப் போய்க் காமி. என்னை மாதிரி விட்ராத." அப்படித்தான் சொன்னான். என்னை மாதிரி விட்ராத. இல்லை, என்னை விட்ட மாதிரி விட்ராத என்று சொன்னானோ? வெளியே பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், சரியாகக் காதில் விழவில்லை. ஆறு மாசமாக இந்த ஒரு சொல்லை அவன் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். முதலாவதென்றால் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதென்றால் எல்லாம் தெரியும், காதுக்குப் பக்கத்தில் நீட்டிய மிட்டாய் உட்பட, முப்பது வருஷமும் தெரிந்துகொண்டே துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டிருக்கலாம். என்னண்ணே சொன்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கரும்பைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். காட்டவும் கூட்டிவரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்து பி.டி. சார்தான் வடிவுக்கு ஃபோன் பண்ணினார். உங்க பொண்ணு பக்கத்துல வர்ற பந்தைப் பாக்க மாட்டேங்குதும்மா, என்னன்னு பாருங்க. வடிவுதான் டோக்கன் போட்டாள், போன வாரமும் அவள்தான் கூட்டிவந்து கண்ணுக்கு உள்ளே படமெல்லாம் எடுத்துப் போனாள். இவன் காலேஜில் வேலை இருக்கிறது என்றான். இன்றைக்கு மட்டும்தான் வந்திருக்கிறான், அதுவும் வடிவு, "நீங்களும் வாங்கத்தான், எனக்குப் பயமா இருக்கு" என்றதால். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. சத்தம் வரவில்லை. இருபத்தைந்து. வரவில்லை. அமுக்கு பிள்ளே, சும்மாவாவது அமுக்கு என்று நினைத்தான். முடிந்துவிட்டது போல. உள்ளே நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மேஜையில் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயூரநாதன் தலைகீழாகவே அவற்றைப் பார்த்தான். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. பிரகதி ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எப்பலருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டாள். "ரெண்டு மாசமா டாக்டர்" என்றாள் வடிவு. "பி.டி. சார் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்." "சொந்தத்துல கல்யாணமா?" "ஆமா. அத்தை பையன்தான்." "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்கா?" "இல்லைங்க டாக்டர். இவங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியாது, ஆனா அது ஆக்சிடென்ட்ல போனது." டாக்டர் எழுதப் போனாள். பேனா காகிதத்தைத் தொட்டது. அந்த ஒரு நொடி மாயூரநாதனுக்கு மிக நீளமாக இருந்தது. எழுதிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதட்டும் என்று ஒரு மனசு சொன்னது, அந்த மனசின் குரல் அவனுக்கு நன்றாகப் பழகிய குரல். "ஆக்சிடென்ட்ல இல்ல டாக்டர்" என்றான். தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "இதே நோய்தான். கண்ணு தெரியாமத்தான் ஆக்சிடென்ட் ஆச்சு." "என்ன சொல்றீங்க?" என்றாள் வடிவு. அவன் அவளைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னான். "பிள்ளைக்கும் ரெண்டு மாசமில்ல. ரெண்டு வருஷமா இருக்கு. எனக்குத் தெரியும்." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள், அப்புறம் பிரகதியைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். இது ரெண்டு பக்கத்து ரத்தத்திலிருந்தும் வருவது, யார் மேலும் குற்றமில்லை. குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. படிக்கலாம், எல்லாம் செய்யலாம், இருட்டில் தனியாகப் போகக் கூடாது, வண்டி ஓட்டவே கூடாது. "எவ்வளவு வருஷம் தெரியும் டாக்டர்?" என்று பிரகதி கேட்டாள். "அதைச் சரியா சொல்ல முடியாதும்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி." வடிவு அழவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா நின்னிருக்குமா?" என்றாள். டாக்டர் தலையசைத்தாள். "நிறுத்தியிருக்க முடியாது. ஆனா பிள்ளைக்கு என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வடிவு நின்றாள். பிரகதி நாலடி தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருஷம் ஆடி வெள்ளியன்னைக்கு" என்றாள் வடிவு. குரல் ஏறவில்லை. "பூஜைக்கு வச்சிருந்த பாயசத்தைக் காலால தட்டி விட்டாள்னு நான் அவளைக் கரண்டியால அடிச்சேன். கையில வீங்கிப் போச்சு. கண்ணு என்ன பொடனிலயா இருக்குன்னு கேட்டேன். நீங்க அங்கதான உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க?" இதை, கதவுக்கு வெளியே எண்ணிக்கொண்டிருந்த இத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட அவன் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் நினைத்தான், இதன் பக்கம் மட்டும் மனசு திரும்பவே இல்லை. பேப்பரின் மேல் விளிம்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஆமா" என்றான். "தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்களா?" "ஆமா." அவள் இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தான். திட்டட்டும், அறையட்டும், எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்கட்டும். அவள் போய் பிரகதியின் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முழங்கைக்குக் கீழே, அடி விழுந்த இடமாக இருக்கலாம். அதைத் தடவிவிட்டாள். "படி இருக்கு பாத்து வா." இரண்டு பேரும் படிக்கட்டுக்குப் போனார்கள். மாயூரநாதன் வேகமாக நடந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான், மகளின் இடது பக்கத்தில், தோளில் படாத குறையாக. முதல் படியில் கால் வைக்கப் போன பிரகதி தயங்கி நின்றாள். "அம்மா, அப்பா எங்க? வரலையா?" வடிவு நிமிர்ந்து மகளின் தலைக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கீழே யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இங்கதாம்மா நிக்கிறேன்" என்றான். பிரகதி தலையை முழுசாகத் திருப்பி, கொஞ்சம் தேடி, அவன் முகத்தைக் கண்டுபிடித்தாள்.